உப்பு வரிசையும் மருந்து வரிசையும்

பத்தரைக்கு ராகு காலம். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னாடியே அத்தை ஹால் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, "இனி பன்னெண்டு வரைக்கும் இந்த வீட்டுல யாரும் யாருக்கும் போன் போடக் கூடாது" என்று பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னாள். வீட்டில் இருந்தது மூன்றே பேர். அத்தை தனக்குத்தானே சொல்லிக்கொள்ள மாட்டாள், மூன்று வயசு தன்ஷிகாவுக்கு போன் போட ஆள் கிடையாது, ஆக அது கனிக்குச் சொன்னது. புஷ்பக்கனி தலையை ஆட்டினாள். கோவில்பட்டிக்கு வாழ வந்த ஐந்து வருஷத்தில் அவள் அதிகம் செய்த வேலை எது என்று யாராவது கேட்டால் சமையலும் இல்லை, துவையலும் இல்லை, தலையை ஆட்டியதுதான். "பன்னெண்டே காலுக்குப் போடு. உங்க அப்பா எடுத்ததும் ஸ்பீக்கர்ல போட்டுரு, நானும் பக்கத்துல இருக்கேன். பெருசா ஒண்ணும் பேச வேண்டாம். நல்லா இருக்கியான்னு கேப்பாரு, நல்லா இருக்கேன்னு சொல்லு. அந்த ஒரு வார்த்தைக்குத்தானே மனுஷன் காத்துக்கிட்டு இருக்காரு." அந்த ஒரு வார்த்தை. புதன்கிழமை அத்தை எட்டயபுரம் பக்கத்தில் இருக்கிற அப்பா வீட்டுக்கே பூவும் பழமுமாகப் போய், எங்க சின்னவன் கதிர்வேலுக்கு உங்க இளையவ ஜெயக்கனியைக் கொடுங்க என்று கேட்டுவிட்டு வந்தாள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மூத்தவ வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன், அவ அங்க நல்லா இருக்கேன்னு சொல்லிட்டா சின்னவளை அனுப்புறதுல எனக்கென்ன, என்று சொல்லியிருக்கிறார். ஜெயா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், பரீட்சை லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். படிப்பு பாட்டுக்கு நடக்கட்டும், நாங்க என்ன வேண்டாம்னா சொல்றோம் என்று அத்தை சொன்ன வேகத்திலேயே தெரிந்தது, தாலி ஏறின மறுமாசம் அது நின்றுபோகும்.

பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். எதிரே துவைகல்லின் மேல் தன்ஷி ஜட்டியோடு உட்கார்ந்திருந்தாள், உடம்பு முழுக்கக் கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் பாலாடையும் குழைத்துப் பூசி. வெள்ளிக்கிழமை தவறாமல் இது உண்டு. நன்றாகக் காய்ந்து வெடிக்க வேண்டும், அப்போதுதான் பிடிக்கும் என்பது அத்தையின் கணக்கு. எதைப் பிடிக்கும் என்று கேட்கக் கூடாது. "அம்மா, கை இறுக்குது" என்றாள் தன்ஷி. "இன்னும் கொஞ்ச நேரம்டா செல்லம். ஆடாம இரு." கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று பிள்ளைக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அத்தை வந்து ஒரு விரலால் சுரண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கனி மடியில் இருந்த போனை எடுத்தாள். அது கதிர்வேலின் பழைய போன், புதுசு வாங்கினதும், அண்ணி வச்சுக்கிடட்டும் என்று கொடுத்தது, ஓரத்தில் கண்ணாடி விரிசல். அதில்தான் இந்தக் குதிரை விளையாட்டு இருந்தது. ராகு காலத்தில் போன் போடத்தான் கூடாது, குதிரை பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். குதிரைக்கு ராகு காலம் உண்டா என்ன. லாயத்தில் பன்னிரண்டு கொட்டடி. பதினொன்றில் குதிரை. ஒன்று காலி. அந்த ஒன்றில் யாருடைய குட்டி வரவேண்டும் என்று மூன்று நாளாக முடிவு பண்ண முடியாமல் வைத்திருந்தாள். உப்பு அவளுடைய வெள்ளைக் குதிரை, பெட்டை, நாலு நட்சத்திரம். மருந்து கறுப்பு, ஆண், பத்துக்கு ஒன்பது நட்சத்திரம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் குச்சியின் தலையில் முக்குகிற கறுப்புக் குழம்புக்கு மருந்து என்றுதான் பெயர். அவளுக்குத் தெரிந்த கறுப்பு அதுதான். ஏழாவது முடித்த அந்த லீவிலேயே லேபிள் ஒட்டப் போனாள், பிறகு பள்ளிக்கூடம் திறந்தது அவளுக்குத் தெரியாது. விளையாட்டில் எல்லாம் இங்கிலீஷ். எழுத்தின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்து, இது சேர்க்கிற பொத்தான், இது விற்கிற பொத்தான் என்று பழகிக்கொண்டாள். பெயர் மட்டும் தமிழில் வைக்கலாம். உப்பு, மருந்து, பஞ்சு, குச்சி, டப்பி. கூப்பிட்டால் திரும்பாத பதினோரு பேர், ஆனால் கூப்பிடலாம், திட்டாது.

ஆரம்பத்தில் கலர் பார்த்துத்தான் சேர்த்தாள். எது கண்ணுக்கு அழகோ அதை அழகானதோடு சேர்ப்பது. குட்டி சித்திரம் மாதிரி வரும், நட்சத்திரத்தைப் பார்த்தால் ரெண்டு. ஓட விட்டால் பாதியில் நின்றுவிடும். பிறகு வெறுத்துப்போய் நட்சத்திரம் பார்த்துச் சேர்த்தாள். எட்டு, ஒன்பது என்று ஏறியது, ஆனால் எல்லாம் சாணிக் கலரில், எது எந்தக் குதிரை என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. ரெண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் போனால் ரெண்டும் கைவிட்டுப் போகும் என்று புரிய ஒரு வருஷம் ஆனது. உப்பு வரிசை தனி, மருந்து வரிசை தனி, செம்பட்டை வரிசை தனி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக உயர்த்த வேண்டும். வெள்ளையில் நட்சத்திரம் ஏற வேண்டுமானால் ஒரு தடவை கறுப்போடு சேர்க்க வேண்டும், அந்தத் தலைமுறையில் கலர் போகும், போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும், அந்தக் குட்டி வளர்ந்து திரும்ப வெள்ளைக்கு வரும்போது கலரும் இருக்கும் காலிலும் வலு இருக்கும். பொறுமைதான் முழு வேலையும். பொறுக்க மாட்டாதவர்கள் வெள்ளைக்கு வெள்ளையையே தேடி ஒரே தாய் வயிற்றுக் குட்டிகளைச் சேர்த்துவிடுவார்கள், அப்போது திரையில் சிவப்பாக ஒரு புள்ளி வரும், நட்சத்திரம் சரிந்துவிடும். அத்தை இந்த விளையாட்டை விளையாடினால் நாலே நாளில் லாயம் முழுக்க வெள்ளைக் குதிரையாக நிற்கும், ஒன்றும் எழுந்து நடக்காது. இதை நினைத்ததும் கனிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்த வேகத்திலேயே பயமும் வந்தது, திரும்பிப் பார்த்தாள். சமையல்கட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

கலர். இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பொண்ணு கலரா இருக்கா என்றால் வெள்ளையா என்று அர்த்தம். கலர் இல்லை என்றால் கறுப்பு. கறுப்பு ஒரு கலர் இல்லையாம். விளையாட்டில் கறுப்புக்கு மட்டும் நாலு விதம் உண்டு, ஒன்று வெயிலில் நீலமாகக்கூட மினுங்கும், திரையில் அந்தப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொன்றின் கீழேயும் கலர் என்றுதான் போட்டிருக்கும். இந்த வீட்டில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார்கள், நூற்றுக்கணக்கில் டப்பா, ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பெயர், அதில் கறுப்பு நிறம் கேட்டு வருகிறவனிடம் அது கலர் இல்லை என்று அவள் வீட்டுக்காரர் சிவபாலன் சொல்வாரா? மாட்டார். அளந்து கொடுப்பார். சொந்தத்துக்குள்ளேயே மாற்றி மாற்றிக் கட்டி இந்தக் குடும்பத்தில் எல்லாரும் கறுத்துப் போய்விட்டோம், இனி அசலில்தான் எடுக்க வேண்டும் என்று அத்தை சபதம் போட்டு, தீப்பெட்டி ஆபீஸ் வேனில் இருந்து இறங்கிய கனியை ரோட்டில் வைத்துப் பார்த்தாள். அசல் என்றால் சொந்தம் இல்லாத இடம். நகை வேண்டாம், படிப்பு வேண்டாம், பொண்ணைக் கொடுத்தால் போதும் என்றாள். அப்பாவுக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. பொண்ணு பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கா என்று கேட்டார்கள். கனிக்கு வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்தே நாலு பேர் பார்த்தால் அவளுக்குப் பேச்சு எழும்பாது, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்லவே அழுவாள். "வெக்கப்படுறா, சம்மதம்தான்" என்றாள் அத்தை. முடிந்தது. அன்றைக்கு அவள் யோசித்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் உண்மை. யோசித்து முடிக்கும் முன்னாடி தாம்பூலம் மாற்றிவிட்டார்கள்.

"அம்மா, மூக்கு அரிக்குது." கனி சேலை நுனியால் மூக்கை மட்டும் துடைத்துவிட்டாள். மஞ்சளுக்கு அடியில் பிள்ளையின் நிறம் ஒரு காசு அளவுக்குத் தெரிந்தது, நல்ல புளியங்கொட்டை நிறம். பிறந்தபோது இப்படி இல்லை. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்தபோது ரோஸ் கலரில் இருந்தாள், சொந்தக்காரர்கள் எல்லாம் தாய் மாதிரியே என்றார்கள். அத்தை பிள்ளையை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், காது மடலைப் புரட்டிப் பார்த்தாள். பிள்ளை பின்னால் எந்த நிறத்தில் வரும் என்று காது மடலின் நுனி சொல்லிவிடும். நுனி கறுத்திருந்தது. அத்தை பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள், கொடுத்த விதம், கடையில் சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடிக்காமல் திருப்பிக் கொடுப்பார்களே, அப்படி. மூன்று மாசத்தில் மடல் சொன்னது பலித்தது. பேர் வைக்கிற அன்று யாரோ ஒரு மாமா, "கடையில அத்தனை கலர் வச்சிருக்கான், பிள்ளைக்கு ஒரு கோட்டிங் அடிக்க மறந்துட்டானே" என்றார், பந்தி முழுக்கச் சிரித்தது, பிள்ளையின் அப்பாவும் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்காமல், "எல்லாக் கலரையும் தானே வச்சுக்கிட்டா, பிள்ளைக்குக் கொடுக்க மனசு வரல" என்றாள். கொடுக்க மனசு வரவில்லை. குட்டிக்குத் தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி. விளையாட்டில் பாதி பாதியாகப் படம் போட்டே காட்டுவான், ஏழாவது படித்தவளுக்கே புரிகிறது. இந்த வீட்டில் நல்லது வந்தால்தான் ரெண்டு பாதி, இல்லையென்றால் முழுக்கத் தாய்தான். ஆனால் ஒன்று. அதையும் அவள் மறக்க முடியாது. அத்தை கொடுத்த பிறகு, எல்லாரும் வெளியே போன பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கனியும் அந்தக் காது மடலைப் புரட்டிப் பார்த்தாள். ரெண்டு தடவை பார்த்தாள்.

உப்பு விஷயத்தில் அவள் செய்தது அதுதான். உப்பு முதல் குட்டி போட்டது, கறுப்பு. ரெண்டாவது, கறுப்பு. மூன்றாவது செம்பட்டை கலந்த கறுப்பு. வெள்ளைத் தாய்க்குக் கறுப்புக் குட்டி பிறந்தால் கலர் வரவில்லை என்றுதானே அர்த்தம், பிறந்த அன்றைக்கே விற்கிற பொத்தானை அழுத்தி அனுப்பிவிடுவாள், கொட்டடி காலியாக வேண்டுமே. நாலாவதுக்கு ஆறு நட்சத்திரம் இருந்தது, கொஞ்சம் மனசு கேட்கவில்லை, போகும்போது கருப்பாயி என்று ஒரு பெயர் வைத்து அனுப்பினாள். உப்பு கலர் கொடுக்காத குதிரை என்று அதன் மேலேயே ஒரு வெறுப்பு வந்துவிட்டது. பிறகு ஒருநாள் வரிசைப் படத்தில் கை தவறிப் பட்டு, விற்றுப்போன குட்டி இப்போது யார் லாயத்தில் நிற்கிறது என்கிற பக்கம் திறந்தது. எங்கேயோ யாரோ ஒருவருடைய லாயத்தில் பால் மாதிரி ஒரு வெள்ளைக் குதிரை நிற்கிறது, அதன் கீழே கருப்பாயி. பெயரை அவர்கள் மாற்றவில்லை, படிக்கத் தெரிந்திருக்காது. கனி மற்ற மூன்றையும் தேடித் திறந்தாள். மூன்றும் வெளுத்திருந்தன. சில குதிரைகள் கறுப்பாய்ப் பிறந்து வளர வளர வெளுக்குமாம். பிறக்கும்போதே கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டமாதிரி நாலு வெள்ளை முடி இருக்கும், அதுதான் அடையாளம். அவள் அதைப் பார்த்திருந்தாள், அழுக்கு என்று நினைத்திருந்தாள். அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போனில் இருக்கிற குதிரைக்காக ஒருத்தி சாப்பிடாமல் இருந்தாள் என்றால் ஊரே சிரிக்கும், அதனால் வயிற்று வலி என்றாள். வெளுத்துவிட்டது என்பதற்காக வருந்தினாளா, வெளுக்காமலே போயிருந்தால் விற்றது சரியாகிவிடுமா என்று அப்புறம்தான் கேட்டுக்கொண்டாள். மனுஷப் பிள்ளை அப்படி இல்லை. தன்ஷி வெளுக்க மாட்டாள். வெளுக்க வேண்டாம். இதை மனசுக்குள் இத்தனை தெளிவாகச் சொல்கிறவள்தான் காலையில் மாவைக் குழைத்தாள், கழுத்து மடிப்பில் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள், பிள்ளை வலிக்குதும்மா என்றபோது அதட்டவும் செய்தாள். யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. அத்தை குளித்துக்கொண்டிருந்தாள்.

மணி பதினொன்று பத்து. இன்னும் ஒரு மணி நேரம். நல்லா இருக்கேன்ப்பா. ஐந்து வருஷமாக வாரம் ஒரு தடவை சொல்லி வருகிற வார்த்தை, வாய்க்குள் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, யோசிக்காமலே வெளியே வரும். போன வருஷம் மூணு மாசத்தில் கரு கலைந்து, வலியில் சுருண்டு கிடந்தபோது அத்தை பக்கத்து வீட்டம்மாவிடம், "போனது என்ன கலரோ, யார் கண்டா" என்று சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது, அன்று சாயங்காலம் அப்பா கூப்பிட்டார், நல்லா இருக்கேன்ப்பா. சின்ன மாமனார் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போய், குடும்பத்தோடு போட்டோ எடுக்கும்போது, பிள்ளை தூங்குறா, உள்ள படுக்க வை என்றாள் அத்தை, தன்ஷி முழித்துக்கொண்டு இடுப்பில் கிலுகிலுவென்று சிரித்துக்கொண்டிருந்தாள், சிவபாலன் சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டு கேமராவைப் பார்த்தார், எங்கம்மா அப்படித்தான், நீ பெருசு பண்ணாத என்றார். கனி பிள்ளையை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, தூங்காத பிள்ளையைத் தட்டித் தூங்க வைத்தாள். அந்தப் போட்டோ ஹாலில் மாட்டியிருக்கிறது. மறுநாள் அப்பா. நல்லா இருக்கேன்ப்பா. யாரும் அடிக்கவில்லை, சூடு வைக்கவில்லை, பட்டினி போடவில்லை, நல்லா இல்லை என்று சொன்னால் என்ன என்று கேட்பார்கள், எதைச் சொல்வது, காது மடலைச் சொல்வதா, சேலையை மடிக்காமல் கொடுப்பதுபோலக் கொடுத்தாள் என்று சொல்வதா? சொன்னால், இதெல்லாம் ஒரு குறையாம்மா என்பார். குறைதான் என்று எப்படிக் காட்டுவது.

கதிர்வேல் கெட்டவன் இல்லை. அதுவும் ஒரு சங்கடம். மூன்று இடத்தில் மாப்பிள்ளை கலர் கம்மி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதிலிருந்து யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, கடையில் டப்பாக்களுக்குப் பின்னாலேயே நிற்கிறான். போன மாசம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "எதுக்கும்மா ஊர் ஊராத் தேடுறீங்க, அண்ணி மாதிரி ஒண்ணு பாருங்க" என்றான். ஒண்ணு. அவன் நல்ல மனசோடுதான் சொன்னான், அத்தை அதைப் பிடித்துக்கொண்டாள், மாதிரி எதுக்கு, அதே கிடைக்குமே. கனி தராத கலரை ஜெயா தருவாள். மூத்தவளிடம் வராதது இளையவளிடம் வரும். ஜெயாவுக்குக் கலரும் உண்டு, நட்சத்திரமும் உண்டு, தங்கச்சிக்குப் பக்கத்தில் கனியே நட்சத்திரம் போட்டுப் பார்த்துவிட்டாள். ஜெயா ஊசி போடக் கற்றுக்கொண்டதை வெள்ளரிக்காயில் குத்திக் காட்டுவாள். இங்கிலீஷில் மருந்துப் பெயர்களைக் கடகடவென்று சொல்வாள். எதிர்த்துப் பேசுவாள். அவள் இந்த வீட்டுக்கு வந்தால். வந்தால் என்று நினைப்பு அந்த இடத்தில் ஒரு முள்ளில் சேலை மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டு நின்றது, புதன்கிழமையிலிருந்து அங்கேதான் நிற்கிறது. அவள் வந்தால் மத்தியானம் பேச ஒரு ஆள் இருக்கும். அவள் வந்தால் இந்தப் படியில் ரெண்டு பேர் உட்காரலாம், ஒருத்தி தலையில் ஒருத்தி ஈர் பார்க்கலாம், அத்தை சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம், தன்ஷிக்கு ஒரு சித்தி இருப்பாள். புதன்கிழமை அத்தை எட்டயபுரம் போய்வந்த கதையைச் சொன்னபோது கனியின் நெஞ்சில் முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். அரை நிமிஷம் இருந்திருக்கும். அந்த அரை நிமிஷத்தில் அவள் தன் தங்கச்சியைக் காலிக் கொட்டடியில் கொண்டுவந்து கட்டிவிட்டாள்.

இன்றைக்காவது முடிவு பண்ண வேண்டும். உப்பை மருந்தோடு சேர்த்தால் குட்டி கறுப்பாகப் பிறக்கும், வெளுத்தாலும் வெளுக்கும், வெளுக்காமலும் போகும், பாதிக்குப் பாதி. பஞ்சோடு சேர்த்தால் வெள்ளை உறுதி, ஆனால் பஞ்சு உப்புக்கு ஒரு வகையில் தம்பி முறை, சிவப்புப் புள்ளி வரும். பொத்தானின் மேல் விரலை வைத்து எடுத்தாள், வைத்து எடுத்தாள். குட்டி கறுப்பாக வந்து கறுப்பாகவே நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்டுக்கொண்டாள். வைத்துக்கொள்வேன். நிஜமாகவா? பன்னிரண்டு கொட்டடிதான் இருக்கிறது, ஒன்றை வைத்துக்கொண்டால் இன்னொன்றை அனுப்ப வேண்டும், அப்போது எதை அனுப்புவாய், எதைப் பார்த்து அனுப்புவாய்? விளையாட்டு முழுக்க எதையோ பார்த்து எதையோ அனுப்புவதுதான். மிக்ஸி நின்றது. அத்தை வந்து தன்ஷியின் தோளில் விரலால் சுரண்டினாள், மாவு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "ம், ஊத்து" என்றாள். போனைக் கண்டு, "இந்தக் கழுதையைக் கட்டிக்கிட்டு அழுவுறதுக்கு நாலு ஸ்லோகம் சொல்லலாம்" என்றாள். இது குதிரை அத்தை, என்று சொல்ல வந்த கனி செம்பை எடுத்தாள். தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் ஓடி வழிந்து, அடியிலிருந்து பிள்ளை எப்படிப் போனாளோ அப்படியே வந்தாள். வெந்நீரில் தோல் மினுமினுவென்று இருந்தது. தலை துவட்டும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நல்லா இல்லப்பா. நாலு எழுத்துக்கூட வராது, இல்லை என்கிற சின்ன வார்த்தை, இத்தனை வருஷத்தில் அதைத் தன்னைப் பற்றிச் சொன்னதே இல்லை என்று தெரிந்தது. சோறு இல்லை, தண்ணீர் இல்லை, தேங்காய் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். நான் நல்லா இல்லை என்று சொன்னது இல்லை. சொன்னால் அது அத்தை காதிலும் விழும், அதற்குப் பிறகும் இதே வீட்டில், இதே படியில்.

பன்னிரண்டு பத்துக்கே அத்தை ஹாலில் சோபாவில் வந்து உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பன்னிரண்டே காலுக்குக் கனி நம்பரை அழுத்தினாள். ரெண்டாவது மணியிலேயே அப்பா எடுத்தார், பக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறார். "அண்ணாச்சி, நான் ராஜாமணி பேசுறேன், சௌக்கியமா? உங்க மக இங்கதான் இருக்கா, நீங்களே கேட்டுக்கிடுங்க" என்றாள் அத்தை, குரலில் தேன். அப்பா தொண்டையைச் செருமினார். "கனி, நல்லா இருக்கியாம்மா?" ஹால் முழுக்க அவர் குரல் நின்றது. கனி வாயைத் திறந்தாள். வழவழவென்று பழகின வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அதை உள்ளே தள்ளிவிட்டு, "இல்லப்பா" என்றாள், காற்று மாதிரி வந்தது. ஒரு விநாடிதான். அத்தை கலகலவென்று சிரித்தாள். "டவர் இல்லங்கிறா அண்ணாச்சி. இந்த ஹாலுக்குள்ள எப்பவும் டவர் கிடைக்காது." "அதானே பாத்தேன்" என்றார் அப்பா. அதானே. அந்த வார்த்தையில் அவருக்கு எவ்வளவு நிம்மதி. அத்தை மட்டும் இல்லை, அவரும் இதைத்தான் கேட்க விரும்புகிறார், ஐந்து வருஷமாக அவர் கேட்டது நலம் இல்லை, இந்த நிம்மதியைத்தான். வெக்கப்படுறா, சம்மதம்தான். டவர் இல்லங்கிறா. அவளுடைய வாய்க்கு எப்போதும் யாராவது ஒருவர் அர்த்தம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். "டவர் இருக்குப்பா" என்றாள் கனி. தன் குரல் இத்தனை பெரிசு என்று அவளுக்கே தெரியாது. "நான்தான் நல்லா இல்ல. நான் இங்க நல்லாவே இல்லப்பா. ஜெயாவைக் கொடுக்காதீங்க."

அத்தை கத்தவில்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்து கனி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அத்தை போனைத் தன் பக்கம் இழுத்து, மிக மெதுவாக, வருத்தமாக, "கேட்டீங்களா அண்ணாச்சி? நானே உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். தங்கச்சி படிச்சவ, இந்த வீட்டுக்கு வந்துட்டா தனக்கு மவுசு குறைஞ்சிரும்னு பயம். ரெண்டு நாளாவே மூஞ்சி சரியில்ல. பொம்பளைங்க மனசு, நாம என்ன பண்ண" என்றாள். அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. "அப்படியாம்மா கனி?" என்றார் அப்பா. அடித்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது. அப்படி இல்லை என்று சொல்ல அவளிடம் குரல் மிச்சம் இல்லை, இருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் செலவழித்துவிட்டாள். அப்போது போன் கைமாறுகிற கரகரப்பு. "அக்கா" என்றாள் ஜெயா. "நான் கேட்டுட்டேன்க்கா." அவ்வளவுதான். துண்டித்துவிட்டாள்.

அத்தை திரும்பப் போட்டாள். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள், இந்தத் தடவை அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. அத்தை போனை சோபாவில் எறியாமல், பத்திரமாக வைத்து, கனியை ஏற இறங்கப் பார்த்தாள். "சாயங்காலம் உன் புருஷன் வரட்டும்" என்றாள். பிறகு, "ஒரு மணிக்குக் கதிர்வேல் சாப்பிட வந்துருவான், உலை வை" என்றாள். சாயங்காலம் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கக் கனிக்கு மனசு போகவில்லை. அரிசியை அளந்து போட்டுக் களைந்தாள். ஜெயா தப்பித்துவிட்டாள். அதை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள், உள்ளே எங்கேயும் சந்தோஷம் எழும்பவில்லை, இந்தப் படியில் இனி ரெண்டு பேர் உட்காரப் போவதில்லை என்பதுதான் எழும்பியது. ஹாலில் அத்தை வேறு யாருக்கோ போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள், தரகருக்குத்தான், குரலில் பழைய தேன் திரும்பியிருந்தது. "ஆமா, கதிர்வேலுக்குத்தான். கழுகுமலையில ஒரு இடம் இருக்குன்னு சொன்னீங்களே, கரண்ட் ஆபீஸ்காரரு மக. அது என்ன செய்யுது? படிக்குதா, படிக்கட்டும் படிக்கட்டும், அதைப் பத்தி என்ன. பொண்ணு கலரா?" அரிசித் தண்ணீர் வெள்ளையாகக் கனியின் விரல்களுக்கு இடையே வழிந்தது. அந்தப் பெண்ணின் பெயரை அத்தை சொல்வாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சொல்லவில்லை. அவளுக்கு அக்கா யாராவது இருக்கிறாளா என்றும் தெரியவில்லை.